வேலையும் மனமும்: பேர்லினை விட்டு வெளியேறிய குர்ட் லெவின்

ஷோனெஃபெல்ட் என்னும் பெயரை எம்மவரில் ஒரு தலைமுறையினர் மறப்பதற்கில்லை. 1980களின் முற்பாதியில் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாக வந்த விமானங்கள் கிழக்கு பேர்லினின் அந்த நிலையத்திலேயே அவர்களை இறக்கிவிட்டன. அங்கிருந்து பிரெட்ரிக் வீதி ரயில் நிலையம்; அதன் ஒரு மேடையில் ஏறினால் சில நிமிடங்களில் மேற்கு பேர்லின். 1985இல் தமிழருக்கும், மறு ஆண்டில் ஏனைய நாட்டவருக்கும், கிழக்கு ஜேர்மன் அரசு அந்த வழியை அடைத்தது. பழைய நிலையக் கட்டடமும் 2021 பெப்ரவரியோடு பயணிகளுக்கு மூடப்பட்டுவிட்டது. ஷோனெஃபெல்டின் மண்ணிலேயே 2020இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையமே இப்போது இயங்குகின்றது.

அந்த மண்ணில் விமான நிலையத்திற்கு முன்னர் என்ன இருந்தது என்பதை எம்மவர் பலர் அறியார். 1934 ஒக்டோபரில் அங்கு ஹென்ஷெல் நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலைக்காக ஓடுபாதை அமைக்கும் பணி தொடங்கிற்று. போர் முடியும்வரை பதினாலாயிரத்திற்கு மேற்பட்ட விமானங்கள் அங்கே கட்டப்பட்டன. போரின் பிற்பகுதியில் அவற்றைக் கட்டிய கைகளில் பல, பிறநாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளருடைய கைகள். சாக்சன்ஹவுசன் வதைமுகாமின் கைதிகளுடைய கைகள். மனிதன் எதற்காக வேலை செய்கின்றான் என்ற கேள்விக்கு அத்தொழிற்சாலை தந்த விடை மிக எளியது. வேலை செய்யாவிட்டால் சாவு.

அவ்விடை செங்கல்லும் சீமெந்துமாக எழத் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1933இல், அதே கேள்விக்குப் பதினைந்து ஆண்டுகளாக வேறு விடை தேடிக்கொண்டிருந்த ஒருவர் பேர்லினை விட்டு வெளியேறினார். அவர் பெயர் குர்ட் லெவின். தொழிலாளரை ஊக்குவித்தல் பற்றிய கோட்பாடுகளைக் கற்பிக்கும் எந்த முகாமைத்துவப் பாடநூலிலும் இவருக்கு ஒரு பந்தி உண்டு. விரிவுரை மண்டபத்தில் நின்ற காலத்தில் அந்தப் பந்தியை ஆண்டுதோறும் நானும் மாணவர்க்கு விளக்கியிருக்கின்றேன். மாஸ்லோவின் தேவைப்படிகள், ஹேர்ஸ்பேர்க்கின் இருகாரணிகள் ஆகியவற்றுக்குப் பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். லெவினுக்கு ஒரு சூத்திரமும் ஓர் அம்புக்குறிப் படமும். அவர் அகதியாக வாழ்ந்தவர் என்ற செய்தி அப்பந்தியில் இராது. அச்செய்தியை விட்டுவிட்டு அவருடைய கோட்பாட்டைப் படிப்பது வேரை வெட்டிவிட்டு மரத்தைப் பார்ப்பதாகும்.

லெவின் 1890 செப்டெம்பர் 9ஆம் நாள் மொகில்னோ என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யாவின் போசன் மாகாணத்தைச் சேர்ந்தது. இன்று போலந்தில் உள்ளது. யூதக் குடும்பம். தந்தை லியோபோல்ட் ஒரு சிறு பலசரக்குக் கடை நடத்தினார். கடைக்கு மேலே வீடு. ஊருக்கு வெளியே கொஞ்சம் பண்ணை நிலம். யூதர் ஒருவர் படையில் அதிகாரியாகவோ அரச சேவையில் உயர் பதவியினராகவோ வருவது நடைமுறையில் இயலாதிருந்த காலமும் இடமும் அவை. பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு 1905இல் குடும்பம் பேர்லினுக்குக் குடிபெயர்ந்தது. இளைஞர் லெவின் பிரைபேர்க்கில் மருத்துவம் தொடங்கி, மியூனிக்கில் உயிரியலைத் தொட்டு, இறுதியில் பேர்லின் பல்கலைக்கழகத்தில் மெய்யியலிலும் உளவியலிலும் வந்து நின்றார். கார்ல் ஸ்டும்ப் என்ற பேராசிரியரின் கீழ் கலாநிதிப் பட்டத்திற்கான ஆய்வை அவர் முடித்தபோது முதலாவது உலகப்போர் வெடித்தது.

நான்கு ஆண்டுகள் பீரங்கிப் படையில் பணியாற்றினார். காயமுற்று மருத்துவமனையில் கிடந்தார். இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றார். தம்பி பிரிட்ஸ் போரில் மாண்டார். இக்காலத்தில், 1917இல், போர்க்கள நிலத்தோற்றம் பற்றி லெவின் எழுதிய ஒரு சிறு கட்டுரை உளவியல் இதழொன்றில் வெளியாயிற்று. எம்மவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய கட்டுரை இது. சமாதான காலத்தில் ஒரு நிலம் எல்லாத் திக்கிலும் ஒரே தன்மையாக விரிந்து கிடக்கும்; அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போர்முனையை நெருங்க நெருங்க அதே நிலத்திற்கு ஒரு முகமும் ஒரு முதுகும் வந்துவிடுகின்றன. ஓரிடத்தில் அது முடிந்தும் போகின்றது. வீடு குடியிருப்பாக இருப்பதை விட்டு மறைவிடமாகின்றது. பள்ளம் பதுங்குமிடமாகின்றது. மரம் விறகாகின்றது. மனிதரே போரின் பொருளாகின்றனர். முனை நகர்ந்துபோனதும் வயல் மீண்டும் வயலாகத் தெரியத் தொடங்குகின்றது. பலாலி வீதியிலும் ஆனையிறவின் உப்பளங்களிலும் கண்ணெதிரே இம்மாற்றத்தைக் கண்ட எமக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. ஓர் இடத்தில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பது அவனுடைய குணத்தால் மட்டுமன்றி, அவனைச் சூழ்ந்த களம் அந்நேரத்தில் அவனுக்கு எவ்வாறு தோன்றுகின்றது என்பதாலும் தீர்மானிக்கப்படுகின்றது. இந்தக் கருத்தே பின்னாளில் லெவினின் புகழ்பெற்ற சூத்திரமாயிற்று: நடத்தை என்பது ஆளும் சூழலும் சேர்ந்து பிறப்பிப்பது. பாடநூல்கள் அச்சூத்திரத்தை நான்கு எழுத்துகளில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அது பதுங்குகுழியில் பிறந்தது.

போர் முடிந்து ஜேர்மனி குடியரசாகியது. தொழிற்சாலைகளில் அமெரிக்கப் பொறியியலாளர் பிரெட்ரிக் டெயிலரின் முறை பேசுபொருளாக இருந்த நேரம் அது. டெயிலர் 1915இலேயே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய நிறுத்தற் கடிகாரம் ஐரோப்பா எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரி. ஒவ்வோர் அசைவுக்கும் நேரத்தை அள. மிகக் குறைந்த நேரமே சரியான நேரம். அதற்கு மேல் உற்பத்தி செய்தவனுக்கு மேலதிகக் கூலி கொடு. சுருங்கக் கூறின் டெயிலரின் முறை இதுவே. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தின் நிறையைப் பார்த்துப் பேர் போடுவதும், குறைந்தால் அரைப்பேர் என்று எழுதுவதும், கூடினால் கிலோவுக்குக் காசு கொடுப்பதும் அதே சிந்தனையின் உடன்பிறப்புகள். அங்கே கடிகாரத்துக்குப் பதில் தராசு.

டெயிலரின் முறையை இடதுசாரிகளில் பலர் முற்றாக வெறுத்தனர்; முதலாளிகள் முற்றாக விரும்பினர். லெவின் இரண்டையும் செய்யவில்லை. அவருடைய நண்பரும் மார்க்சியச் சிந்தனையாளருமான கார்ல் கோர்ஷ் நடத்திய வெளியீட்டு வரிசையில், டெயிலர் முறையைச் சமூகமயமாக்குதல் பற்றி ஒரு சிறு நூலை 1920இல் எழுதினார். வேலைக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று அதில் வாதிட்டார். ஒன்று சுமை: உண்பதற்காகப் படும் பாடு, எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு நன்று. மற்றது வாழ்வு: எவ்வளவு கூலி தந்தாலும் வேலையே இல்லாத வாழ்வு மனிதனுக்கு வெறுமையாகிவிடும் என்பது. ஆகவே வேலையை ஆராயும் உளவியலாளன் உற்பத்தியை மட்டும் கூட்டப் பார்ப்பது போதாது. வேலை செய்பவனுக்கு அவ்வேலையில் உள்ள வாழ்வுப் பெறுமானத்தையும் கூட்டவேண்டும். இரண்டும் முரண்பட்டால் பின்னதை விட்டுக்கொடுக்கலாகாது. மாஸ்லோ தமது கட்டுரையை எழுதியது 1943இல்; ஹேர்ஸ்பேர்க்கின் நூல் 1959இல். வேலையின் உள்ளேயே ஊக்கம் இருக்கின்றது என்று அவர்கள் சொல்லிப் புகழ்பெற்றதன் கரு, முப்பது வயது இளைஞர் ஒருவரின் இந்தச் சிறு நூலில் ஏற்கெனவே கிடந்தது.

1921 முதல் லெவின் பேர்லின் உளவியல் நிறுவகத்தில் விரிவுரையாளர். கைசர் ஓடிப்போன பின் வெறுமையான அரண்மனையின் ஒரு பகுதியிலேயே அந்நிறுவகம் இயங்கிற்று. நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை. 1927இல் கிடைத்தது அரச ஊழியத்தில் சேராத ஒரு பேராசிரியப் பட்டம் மட்டுமே. ஆனால் மாணவர் திரண்டனர். அவர்களுள் பலர் பெண்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தோரும் இருந்தனர். வகுப்பு முடிந்தபின் உணவு விடுதியில் மணிக்கணக்காக நீளும் அவர்களுடைய உரையாடலுக்கு அரட்டைக் கயிறு என்று பொருள்படும் ஒரு பெயரைத் தாங்களே சூட்டிக்கொண்டனர். உலகப் புகழ்பெற்ற சில ஆய்வுகள் அந்த மேசைகளில் பிறந்தன.

அவற்றுள் ஒன்று பணியாளர் ஒருவரைப் பற்றிய கதை. பல மேசைகளின் கணக்கை எழுதாமலே நினைவில் வைத்திருந்த அப்பணியாளர், பணம் செலுத்தப்பட்ட சிறிது நேரத்தின் பின் கேட்டபோது எதையும் சொல்ல இயலாமல் நின்றாராம். முடிந்த வேலையை மனம் கைவிட்டுவிடுகின்றது. முடியாத வேலை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றது என்று லெவின் கருதினார். புளூமா சைகார்னிக் என்ற மாணவி இதனைச் சோதித்து 1927இல் வெளியிட்டார். ஆட்களிடம் இருபது வரையான சிறு பணிகளைக் கொடுத்து, பாதியை முடிக்கவிட்டு, பாதியை இடையில் நிறுத்தினார். பின்னர் கேட்டபோது, இடையில் நிறுத்தப்பட்டவையே ஏறத்தாழ இருமடங்கு நினைவில் நின்றன. பிற்காலத்தில் வேறு சிலர் மீண்டும் செய்து பார்த்தபோது இதே விளைவு எப்போதும் கிட்டவில்லை என்பதையும் கூறிவிடுதல் நேர்மை. ஆயினும், ஏழு ஆண்டுகளாகத் தஞ்ச வழக்கு முடிவுறாத ஒருவரிடம் சைகார்னிக் விளைவு உண்மையா என்று கேட்டுப் பாருங்கள். சைகார்னிக் மொஸ்கோவுக்குச் சென்றார். அவருடைய கணவர் 1940இல் கைது செய்யப்பட்டார். அவரோ 1988 வரை வாழ்ந்து சோவியத் மருத்துவ உளவியலின் முன்னோடியானார்.

தொழிற்சாலைக்கு இன்னும் நெருங்கிய ஆய்வு அனித்ரா கார்ஸ்டனுடையது. 1928இல் வெளியான அந்த ஆய்வில் ஆட்கள் ஒரே விதமான கோடுகளை மீண்டும் மீண்டும் கீறுமாறு கேட்கப்பட்டனர். ஒரு கட்டத்தில் கை ஓய்ந்துவிட்டது, இனி ஒரு கோடும் இயலாது என்று எழுதுகோலை வைத்துவிடுவர். அப்போது தாளின் மறுபக்கத்தில் பெயரையும் விலாசத்தையும் எழுதுமாறு சொன்னால் எந்தத் துன்பமுமின்றி எழுதினர். சோர்ந்தது தசை அன்று. பொருளற்ற வேலையால் நிரம்பித் தெவிட்டிப்போன மனம். கோப்பை கழுவும் தொட்டியின் முன் எட்டு மணிநேரம் நின்று கால் தள்ளாடி வீடு திரும்பும் எமது இளைஞன், அதே இரவு கோவில் திருவிழாவுக்குத் தோரணம் கட்ட ஏணியில் ஏறுவதை நாம் கண்டிருக்கின்றோம். அவனைச் சோம்பேறி என்று கருதும் முதலாளியும், அவனுக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்று வியக்கும் தாயும் கார்ஸ்டனைப் படித்ததில்லை.

1932இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் லெவினை ஆறு மாதங்களுக்கு அழைத்தது. பணியை முடித்து ஜப்பான், சோவியத் நாடு வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தபோதே ஹிட்லர் பதவிக்கு வந்த செய்தி அவரை எட்டியது. 1933 ஏப்ரலில் யூதரை அரச பணியிலிருந்து விலக்கும் சட்டம் வந்தது. போர்முனையில் பணியாற்றிய யூதர்க்கு அப்போதைக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. லெவின் அந்த விலக்கைப் பற்றிக்கொண்டு தங்கவில்லை. பிறரை விலக்கும் ஓரிடத்தில் தாம் விலக்குப் பெற்று வாழ்வதை அவர் ஏற்கவில்லை. அந்த ஆண்டின் கோடைகாலம் கழிவதற்குள் மனைவி கேர்ட்ரூட்டுடனும் குழந்தைகளுடனும் கடல் கடந்தார்.

உலகம் அறிந்த உளவியலாளருக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் பணி, கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மனையியல் பள்ளியில், பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் உணவுப் பழக்கங்களை ஆராய்வது. அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு. அதுவும் இடம்பெயர்ந்த அறிஞர்க்கான உதவிக்குழுவின் பணத்தில். வயது நாற்பத்துமூன்று. ஆங்கிலம் தடுமாறியது; உச்சரிப்பு இறுதிவரை திருந்தவேயில்லை. யெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஓர் உளவியல் நிறுவகம் அமைக்க முயன்றார், பணம் திரளவில்லை. 1935இல் அயோவாவின் குழந்தைநல ஆய்வு நிலையத்திற்குச் சென்று ஒன்பது ஆண்டுகள் தங்கினார். 1940இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இவற்றிற்கிடையே ஒல்லாந்தில் ஒதுங்கியிருந்த தாய் ரெக்காவை வெளியே கொண்டுவர விசாவுக்காக அவர் தட்டாத கதவில்லை. ஒன்றும் திறக்கவில்லை. தாய் போலந்துக்கு நாடுகடத்தப்பட்டு அழிப்பு முகாமில் கொல்லப்பட்டார்.

அயோவாவில் அவர் செய்த ஆய்வொன்று அரசியலையும் தொழிற்சாலையையும் ஒருங்கே தொட்டது. ரொனால்ட் லிப்பிட், ரால்ப் வைட் என்னும் இருவருடன் சேர்ந்து, பத்துப் பதினொரு வயதுச் சிறுவர்களைச் சிறு கழகங்களாக்கி, முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளைக் கொடுத்தார். சில குழுக்களில் தலைவர் எல்லாவற்றையும் தாமே கட்டளையிட்டார். சிலவற்றில் சிறுவர்களோடு கலந்து முடிவெடுத்தார். வைட் ஒருநாள் கலந்து முடிவெடுக்கும் தலைவராக நடிக்கப்போய் அனைத்தையும் கைவிட்டுவிட்டார்; அதைக் கண்டு சினவாமல், எதிலும் தலையிடாத தலைவர் என மூன்றாவது வகை ஒன்றையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டார் லெவின். 1939இல் வெளியான முடிவுகளில் எனக்கு முதன்மையாகப் படுவது ஒன்றே. கட்டளைத் தலைவர் இருக்கும்போது வேலை மும்முரமாக நடந்தது. அவர் அறையை விட்டு வெளியேறியதும் படுத்துவிட்டது. கலந்து முடிவெடுத்த குழுவில் தலைவர் போனபின்னும் வேலை நடந்துகொண்டே இருந்தது. அதே ஆண்டில் ஜேர்மனி போலந்துக்குள் நுழைந்தது.

1942இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை காலநோக்கும் மனவுறுதியும் பற்றியது. வேலையிழந்தவன் முதலில் நம்பிக்கையைக் காக்க முயல்கின்றான். அது முறிந்தபின் தேவையான அளவுக்கு மேலாகத் தன்னை ஒடுக்கிக்கொள்கின்றான். நேரம் நிறைய இருந்தும் வீட்டு வேலையைச் செய்வதில்லை. தன் தெருவைத் தாண்டுவதில்லை. அவனுடைய விருப்பங்களும் சுருங்குகின்றன. அச்சுருக்கம் பிள்ளைகளையும் பற்றிக்கொள்கின்றது. எதிர்காலம் பற்றிய தோற்றமே இன்றைய செயலுக்கு வலு என்பது லெவினின் முடிவு. ஜேர்மனியில் தஞ்சம் கோருவோர் 1980களின் பிற்பகுதியில் ஐந்து ஆண்டுகள்வரை வேலை செய்யத் தடுக்கப்பட்டிருந்தனர். 1993இன் சட்டம் முகாமில் கூட்டிப் பெருக்குவதற்கு மணிக்கு இரண்டு மார்க் என்று விதித்தது. 2016இல் அது 80 சென்ட் ஆயிற்று. வேலை மறுத்தால் உதவிப்பணம் வெட்டப்படும். இதன் பின்னர் அகதிகளிடம் உழைக்கும் ஊக்கம் இல்லை என்று முறைப்படும் அதிகாரிகளுக்கு, அவர்களுடைய நகரத்திலேயே பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்த ஒருவரின் அந்தக் கட்டுரை போதும்.

இனித் தொழிற்சாலைக்கு வருவோம். வேர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பாங்கான மரியன் என்ற ஊரில், ஹார்வூட் நிறுவனம் 1939இல் பைஜாமா தைக்கும் ஆலையொன்றைத் திறந்தது. நிறுவனத்தை நடத்திய அல்பிரட் மரோ தாமே உளவியல் படித்தவர், லெவினின் அன்பர், பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. ஏறக்குறைய முந்நூறு பேர் பழகுநராகச் சேர்ந்தனர். பெரும்பாலும் முதன்முறையாக ஆலைக்குள் கால்வைத்த மலைப்பகுதிப் பெண்கள். வடக்கிலுள்ள ஆலைகளின் பழகுநர் செய்வதில் பாதியையே அவர்கள் செய்தனர். மேலதிகக் கூலி காட்டியும் பயனில்லை. ஏனெனில் கிடைத்த கூலியே அவர்கள் முன்னர் கண்டதைவிடக் கூடுதலாக இருந்தது. மேற்பார்வையாளர் நெருக்கினால் வேலையை விட்டு நின்றனர்.

லெவின் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னது, நெருக்குதலை நிறுத்தவேண்டும் என்பதே. தனியாட்களைத் துரத்தாமல் குழுக்களோடு பேசவேண்டும் என்றார். அந்த அளவு எட்டக்கூடியதே என்பதை அவர்கள் தங்கள் கண்ணாலே காணவேண்டும் என்றார். அயலூரில் மூடப்பட்ட ஓர் ஆலையிலிருந்து பழகிய தையலாளர் அறுபது பேர்வரை கொண்டுவரப்பட்டனர். அவர்கள் சில நாட்களிலேயே குறித்த அளவை எட்டினர். அதைக் கண்ட உள்ளூர்ப் பெண்களின் கையும் ஏறத் தொடங்கிற்று. அடுத்து அலெக்ஸ் பவேலஸ் என்ற மாணவர் சிறு குழுக்களோடு உட்கார்ந்து, எவ்வளவு செய்யலாம் என்பதை அவர்களே பேசி முடிவுசெய்ய வைத்தார். முடிவு செய்த குழுக்கள் ஏறின. பேச்சோடு நின்ற குழுக்கள் ஏறவில்லை. இதே உண்மையை லெவின் போர்க்கால அயோவாவின் சமையலறைகளிலும் கண்டிருந்தார். மாட்டின் இதயம், சிறுநீரகம் முதலியவற்றைச் சமைக்கும்படி விரிவுரை கேட்ட இல்லத்தரசிகளில் நூற்றுக்கு மூவரே சமைத்தனர். தம்முள் பேசி முடிவுசெய்தவரில் நூற்றுக்கு முப்பத்திருவர் சமைத்தனர்.

1945இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் குழு இயக்கவியல் ஆய்வு நிலையத்தை லெவின் நிறுவினார். சிறுபான்மையினர்க்கு எதிரான ஒதுக்கலை ஆராயும் பணி ஒன்றை நியூயோர்க்கிலும் தொடங்கினார். இரு நகரங்களுக்கும் இடையே ஓடினார், உறங்கவில்லை, இளைப்பாறவில்லை. 1947 பெப்ரவரியில் ஓரிரவு நியூட்டன்வில்லில் உள்ள இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்தாறு.

அவரை மனித உறவு முகாமைத்துவத்தின் தந்தையருள் ஒருவர் எனப் புகழ்வோர் ஒன்றை எளிதில் மறந்துவிடுகின்றனர். பேர்லினில் 1920இல் எழுதிய லெவின், வேலையின் வாழ்வுப் பெறுமானத்தை உற்பத்திக்கு மேலே வைத்தார். மரியனில் அளக்கப்பட்டதெல்லாம் மணிக்கு எத்தனை உருப்படி என்பதே. எவ்வளவு தைப்பது என்று பெண்களிடம் கேட்டார்கள். ஆலை ஈட்டியதை எவ்வாறு பங்கிடுவது என்று கேட்கவில்லை. அகதியாக வந்த நாட்டில், முதலாளி திறந்துவிட்ட கதவின் அகலத்துக்கே ஆய்வும் நுழைய முடிந்தது போலும். கருத்துக் கேட்பதை ஒரு தந்திரமாகப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பின்னர் பெருகின. 1960இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், மரியன் முறையை ஒரு பாதணித் தொழிற்சாலையில் செய்து பார்த்தபோது உற்பத்தியில் வேறுபாடு தோன்றவில்லை. தமக்காகப் பேசச் சங்கம் இருக்கும்போது, இந்தப் புதுவகைக் கலந்துரையாடல் முறையானதெனத் தொழிலாளர் கருதவில்லை என்பது ஆய்வாளர் கூறிய காரணங்களுள் ஒன்று. மாறாக, 1953இல் அகமதாபாத்தின் கலிக்கோ ஆலையில் லண்டனின் தவிஸ்டொக் நிறுவகத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் தானியங்கித் தறிகளை ஏழுபேர் கொண்ட குழுக்களிடம் ஒப்படைக்கும் யோசனையை முன்வைத்ததும், நெசவாளரும் மேற்பார்வையாளரும் தாமே குழுக்களை அமைத்துக்கொண்டனர். துணியின் தரமும் அளவும் உயர்ந்தன. ரைஸ் சார்ந்த நிறுவகமும் லெவினின் நிலையமும் சேர்ந்தே 1947இல் மனித உறவுகள் பற்றிய ஆய்விதழைத் தொடங்கியிருந்தன.

அவ்விதழில் 1948இல், லெவின் காணாமல் போன ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர்கள் ஹார்வூட் ஆலையின் ஆளணி முகாமையாளர் லெஸ்டர் கொச், லெவினின் மாணவர் ஜோன் பிரெஞ்ச். ஆலையில் வேலைமுறைகள் அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் சினமும் விலகலும் தோன்றும். பைஜாமாக்களை அட்டைமீது அடுக்குவதற்குப் பதில் பெட்டியில் அடுக்கவேண்டும் என்பது போன்ற சிறு மாற்றங்கள்தாம். மூன்று விதமாக அறிவித்துப் பார்த்தனர். பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு முடிவு மட்டும் சொல்லப்பட்டது. இன்னொரு குழு பிரதிநிதிகளை அனுப்பிற்று. எண்மரும் எழுவருமாக இரு சிறு குழுக்களில் எல்லோரும் உட்கார்ந்து புதிய முறையை வகுத்தனர். எல்லோரும் கலந்துகொண்டவர்கள் இரண்டு நாட்களில் பழைய அளவை எட்டி, பின் அதை நூற்றுக்குப் பதினான்கு தாண்டினர். ஒருவரும் விலகவில்லை. முடிவு மட்டும் சொல்லப்பட்ட குழு மணிக்கு ஐம்பது உருப்படியளவில் தேங்கி நின்றது, எதிர்பார்க்கப்பட்டது அறுபது. நாற்பது நாட்களுக்குள் நூற்றுக்குப் பதினேழு பேர் விலகினர். எஞ்சியோர் வெவ்வேறு பணிகளுக்குச் சிதறடிக்கப்பட்டனர்.

இரண்டரை மாதம் கழித்து அந்தக் குழுவில் மிஞ்சியிருந்த பதின்மூன்று பேரை மீண்டும் ஒன்றுசேர்த்து, வேறொரு வேலைக்கு மாற்றினர். இம்முறை அவர்களோடும் உட்கார்ந்து பேசினர். சில நாட்களில் அப்பதின்மூவரும் பழைய அளவை எட்டி, அதற்கு மேலும் சென்றனர்; ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை.